காய்ச்சல் விட்ட பிறகு

ஐப்பசி அடைமழையின்போது பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டில் அவர் மூன்றாவது ஆள். பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தான், அவன் அம்மாவுக்குத் தொற்றியது, பிறகு இவருக்கு. அடித்துப் போட்டாற்போல உடம்பு வலி, வறட்டு இருமல், கண்ணைத் திறக்க விடாத தலைவலி. பெரியம்மா தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "காய்ச்சல், உடம்பு வலி. ரெண்டு நாளைக்கு செட் போட்டுக் குடுங்க தம்பி" என்று வாங்கிவந்தார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. மிளகு ரசம் ஊற்றி இரண்டு கரண்டி சாதம் சாப்பிட்டார். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஆறாம் நாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வாயுவாத்தான் இருக்கும், கொஞ்சம் ஓமத் தண்ணி வை" என்றார். ஓமத் தண்ணீர் ஆறுவதற்குள் உடம்பு வேர்த்துக் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது. அதில் பிழையே இல்லை. அவர் இறந்தது மாரடைப்பால்தான். எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை இருந்தது, இளமையில் பீடி குடித்தவர். ஆனால் ஆறு நாள் முன்பு வந்துபோன அந்தக் காய்ச்சலைப் பற்றி டாக்டரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. அதுதான் விட்டுவிட்டதே.

ஒரு தனி மனிதரின் மாரடைப்புக்கு இந்தக் காய்ச்சல்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல யாராலும் முடியாது. நிறையப் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அப்படிப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதன் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் இன்ஃப்ளூயன்ஸா, அதாவது ஃப்ளூ காய்ச்சல், என்று உறுதியானவர்களின் பட்டியலையும், மாரடைப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் பட்டியலையும் இணைத்துப் பார்த்தார்கள். தொற்று உறுதியான நாளுக்கு ஓராண்டு முன்னும் ஓராண்டு பின்னுமாக மொத்தம் 364 மாரடைப்புகள். அவற்றில் 20, தொற்று உறுதியான முதல் ஏழு நாட்களுக்குள் நேர்ந்தவை. மீதி 344-உம் இரண்டு ஆண்டுகளில் பரவிக் கிடந்தன. வாரத்துக்கு மூன்று சொச்சம். வாரத்துக்கு மூன்று எங்கே, ஒரே வாரத்தில் இருபது எங்கே? ஆறு மடங்கு. ஏழாம் நாளுக்குப் பிறகு அந்தக் கூடுதல் ஆபத்து இல்லை.

புகைப்பவரைப் புகைக்காதவரோடும், சர்க்கரை உள்ளவரை இல்லாதவரோடும் ஒப்பிட்ட கணக்கல்ல இது. ஒவ்வொரு நோயாளியின் அந்த ஒரு வாரத்தையும் அவருடைய மற்ற வாரங்களோடேயே ஒப்பிட்டார்கள். பீடி குடித்த பழக்கமும், சர்க்கரையும், பரம்பரையும் இரண்டு பக்கத் தட்டிலும் அதேதான். மாறியது அந்த வாரத்தில் உடம்புக்குள் இருந்த வைரஸ் மட்டும்.

மூக்கிலும் தொண்டையிலும் நுழைந்த ஒரு கிருமி எப்படி இதயத்தை எட்டுகிறது? பெரும்பாலும் அது நேரே போவதில்லை. உடம்பு அதை எதிர்த்துப் போராடும்போது ரத்தம் முழுக்க அழற்சி வேதிப்பொருள்கள் பெருகுகின்றன. ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வருகின்றன. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. வயதான ஒருவரின் இதயத் தமனிகளில் ஏற்கெனவே கொழுப்புப் படிவுகள் இருக்கும். மேலே மெல்லிய மூடியோடு வருடக்கணக்காகச் சும்மா கிடந்தவை. அழற்சி அந்த மூடியைப் பலவீனமாக்குகிறது. அது வெடித்தால் அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொண்டு குழாயை அடைக்கிறது. இதே நேரத்தில் காய்ச்சலால் இதயம் வேகமாகத் துடித்து அதிக ஆக்ஸிஜன் கேட்கிறது. நுரையீரலோ குறைவாகக் கொடுக்கிறது. தேவை ஏறி, வரத்து இறங்கி, பாதையும் அடைபடுகிற வாரம் அது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் திண்ணையில் வந்து உட்காரும்போது ரத்தத்துக்குள் அந்தப் போர் ஓய்ந்திருப்பதில்லை.

இன்ஃப்ளூயன்ஸாவை நாம் அதன் பெயரால் அழைப்பதே அபூர்வம். சளி, ஜுரம், வைரல் ஃபீவர், விஷக் காய்ச்சல் என்று எதையாவது சொல்கிறோம். கொத்தாகப் பத்துப் பேர் படுத்தால் செய்தித்தாளில் அது மர்மக் காய்ச்சல். 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று வந்ததும் இதன் ஒரு வகைதான். எச்1என்1 என்ற அந்த வகை இப்போது ஆண்டுதோறும் வந்துபோகும் பருவகாலக் காய்ச்சல்களில் ஒன்றாகிவிட்டது. பயம் போய்விட்டது, வைரஸ் போகவில்லை. 2015-இல் மட்டும் இந்தியாவில் எச்1என்1 உறுதியானவர்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இறந்தார்கள். எச்3என்2 இன்னொரு வகை. இன்ஃப்ளூயன்ஸா பி என்பது தனிக் கிளை. இவை ஆண்டுக்காண்டு தம் மேற்பரப்புப் புரதங்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கின்றன. அதனால்தான் அம்மை போல ஒருமுறை வந்தால் போதும் என்று இதில் சொல்ல முடிவதில்லை.

சாதாரணச் சளிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. சளி மெல்ல மெல்ல வரும். மூக்கு ஒழுகும், வேலைக்குப் போய்க்கொண்டே சமாளிக்கலாம். இன்ஃப்ளூயன்ஸா வந்தவர்கள் அநேகமாக நேரம் குறித்தே சொல்வார்கள்: "மத்தியானம் மூணு மணி வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்." ஆனாலும் அறிகுறியை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. 2009 முதல் 2013 வரை வேலூர், சென்னை உட்பட நாட்டின் பத்து ஊர்களில் காய்ச்சல், இருமலோடு வந்த 44,127 பேரைப் பரிசோதித்ததில் 6,193 பேருக்கு இன்ஃப்ளூயன்ஸா இருந்தது. நூற்றுக்குப் பதினாலு.

நெஞ்சுக்குள் இது என்ன செய்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நம் மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுவதும் நுண்மயிர்கள் கொண்ட செல்கள் நெருக்கமாக நிற்கின்றன. காற்றடிக்கும்போது நெல்வயல் அலையலையாய்ச் சாய்வதுபோல இவை ஓயாமல் மேல்நோக்கி அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அறியாமல் நாளெல்லாம் நடக்கிற துப்புரவு இது. இன்ஃப்ளூயன்ஸா குறிவைப்பது இந்தச் செல்களைத்தான். அவற்றின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. உள்ளே பெருகி, வெளியே வரும்போது அதே சர்க்கரையைக் கத்தரித்துவிட்டுப் புறப்படுகிறது. இரண்டு மூன்று நாளில் மயிர்ச்செல்கள் கொத்துக் கொத்தாய் இறந்து உதிர்கின்றன. சுவர் மொட்டையாகிறது. அந்த வறட்டு இருமல், துப்புரவு நின்றுபோன குழாயைத் துடைக்க உடம்பு செய்யும் முயற்சி.

இதுவரை நம் மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாகக் குடியிருந்த நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு இதுவே சமயம். தடுத்துத் தள்ள ஆளில்லை. ஒட்டிக்கொள்ள மொட்டைச் சுவர் இருக்கிறது. வைரஸ் வெட்டிப் போட்ட சர்க்கரையே உணவாகவும் ஆகிறது. கொடுமை என்னவென்றால், வைரஸை விரட்ட உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற பொருளே பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளணுக்களைக் கொஞ்சம் மந்தமாக்கிவிடுகிறது. ஒரு வாசலைக் காக்கப் போன இடத்தில் மறுவாசல் திறந்து கிடக்கிறது. அதன் வழியே வருவது பாக்டீரியா நிமோனியா.

இதை வீட்டில் அடையாளம் காண ஒரு வழி உண்டு. காய்ச்சல் விட்டு, ஆள் தேறி, ஒரு நாள் இரண்டு நாள் நன்றாக இருந்து, மறுபடி குளிர் எடுத்துக் காய்ச்சல் அடித்தால், இருமல் கூடிச் சளி மஞ்சளாகவோ துருநிறமாகவோ வந்தால், மூச்சு விடும்போது விலாவில் குத்தினால், அது பழைய காய்ச்சலின் மிச்சம் அல்ல. இரண்டாவது நோய். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

1918-ஆம் ஆண்டின் பெருங்கொள்ளை நோயில் உலகம் இதைத்தான் கண்டது. பம்பாய்த் துறைமுகம் வழியே வந்த அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்திய மக்கள்தொகை குறைந்தது. கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படிக் குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான். அன்று இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களை அமெரிக்க ஆய்வாளர்கள் மோரென்ஸ், டாபென்பெர்கர், ஃபௌச்சி மூவரும் 2008-இல் மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். 58 பேரின் திசுக்கள். அதோடு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பிரேதப் பரிசோதனைக் குறிப்புகள். பெரும்பாலான மரணங்களில் கடைசி அடி கொடுத்தது பாக்டீரியா நிமோனியா என்று தெரிந்தது. வைரஸ் கதவை உடைத்தது. உள்ளே புகுந்து கொன்றது வேறு.

வைரஸா பாக்டீரியாவா என்ற இந்தக் குழப்பத்தின் தழும்பு ஒரு கிருமியின் பெயரிலேயே இருக்கிறது. 1892-இல் ஜெர்மானியர் ரிச்சர்ட் ஃபைஃபர், இன்ஃப்ளூயன்ஸா நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு இதுதான் காரணம் என்று முடிவுகட்டினார். அது உடன் வந்த கிருமி மட்டுமே. உண்மையான வைரஸை 1933-இல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் ஃபெரெட் என்ற கீரி போன்ற சிறு விலங்குகளுக்கு நோயைத் தொற்றவைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் ஃபைஃபரின் பாக்டீரியாவுக்கு ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு ஒன்றரை மாதத்திலிருந்து போடும் தடுப்பூசியில் ஹிப் என்று குறிப்பிடுவது அதன் ஒரு வகையைத்தான். பலரும் அந்த ஊசியையே ஃப்ளூ ஊசி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

கடைசி அடியின் பெயர்தான் பெரும்பாலும் சான்றிதழில் ஏறுகிறது. முதல் அடியின் பெயர் விடுபடுகிறது. இதை முதலில் கணக்கால் பிடித்தவர்களில் ஒருவர் லண்டன் பதிவாளர் அலுவலகத்தின் வில்லியம் ஃபார். 1847-இல் அங்கே இன்ஃப்ளூயன்ஸா பரவியபோது, அதன் பெயரில் பதிவான மரணங்களை மட்டும் அவர் எண்ணவில்லை. அந்த வாரங்களில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள், இப்போது எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்த்தார். மூச்சிரைப்பு, முதுமை என்று வேறு பெயர்களில் பதிவான மரணங்களும் அதே வாரங்களில் எகிறியிருந்தன. கூடுதல் மரணம் என்று கொரோனா காலத்தில் நாம் கேட்டுப் பழகிய கணக்கு இதுதான்.

இன்றும் இந்த வழியில்தான் மதிப்பிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு இன்ஃப்ளூயன்ஸா வருகிறது. 30 முதல் 50 லட்சம் பேருக்கு அது கடுமையாகிறது. 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கிறார்கள். இந்த எண்ணில் சேர்ந்தவை மூச்சு மண்டல மரணங்கள் மட்டுமே. என் பெரியப்பா போன்றவர்கள் இதில் இல்லை. 2010 முதல் 2013 வரையிலான ஆண்டுகளை வைத்து இந்தியாவுக்குச் செய்த ஒரு மதிப்பீடு, இதய, ரத்த ஓட்ட மரணங்களையும் சேர்த்துப் பார்த்து, ஆண்டுக்குச் சுமார் 1,27,000 என்று சொன்னது. கூட்டிக் குறைத்தால் 64,000-இலிருந்து 1,90,000 வரை. டெங்கு என்றால் தெருவெல்லாம் புகையடிக்கிறோம். இதற்கு ஒரு செட் மாத்திரையோடு முடித்துக்கொள்கிறோம்.

யாருக்கு இது ஆபத்து? வயதானவர்கள், ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம் என்று நெடுநாள் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நம் ஊரில் நான் முதலில் சொல்வது சர்க்கரையைத்தான். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏழு பேரில் ஒருவர். 2009-இல் கனடாவின் மான்ட்ரியாலில், சர்க்கரை உள்ளவர்கள் இன்ஃப்ளூயன்ஸாவால் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று கண்டார்கள். சர்க்கரை வெள்ளணுக்களின் வேகத்தைக் குறைக்கிறது. காய்ச்சல் சர்க்கரையை ஏற்றுகிறது. "சாப்பிடவே இல்லையே" என்று அந்த நாட்களில் இன்சுலினை நிறுத்திவிடுகிற வீடுகளை நான் அறிவேன். டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யவே கூடாது.

குழந்தைகளிடம் காய்ச்சலின் அளவைவிட மூச்சைக் கவனியுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தை அழாமல் இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50-உம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-உம் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவின் அறிகுறி. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால் காத்திருக்க நேரமில்லை. இன்னொன்று: இந்தக் காய்ச்சலில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் என்ற அபூர்வமான, கொடிய விளைவு அதனால் வரக்கூடும். பாரசிட்டமால் போதும்.

மெடிக்கலில் கட்டிக்கொடுக்கும் செட்டில் அநேகமாக ஓர் ஆன்டிபயாடிக் இருக்கும். வைரஸை அது ஒன்றும் செய்யாது. எச்3என்2 பரவிய 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே, அசித்ரோமைசினையும் அமாக்சிசிலினையும் இப்படி வாரி வழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. நிமோனியா என்று உறுதியானால் அதே ஆன்டிபயாடிக்தான் உயிரைக் காக்கும். இன்று வீணாக விழுங்கியது அன்று வேலை செய்யாமல் போகலாம் என்பதே கவலை.

வைரஸுக்கென்று மருந்து இருக்கிறது: ஓசல்டாமிவிர். வைரஸ் வெளியேறும்போது சர்க்கரையைக் கத்தரிக்கிறதே, அந்தக் கத்தரியைத்தான் இது முடக்குகிறது. கத்தரிக்க முடியாத வைரஸ் பிறந்த செல்லிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். அரசின் வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. லேசான காய்ச்சல் ஏ. அதற்கு ஓய்வு போதும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் சி, உடனே ஆஸ்பத்திரி. இடையில் இருக்கும் பி-யைத்தான் நாம் தவறவிடுகிறோம். முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை அல்லது இதய நோயாளிக்குக் காய்ச்சல் என்றால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே டாக்டர் இந்த மருந்தைத் தொடங்கலாம். பெரியப்பா அந்த வகை. இரண்டாம் நாளே அழைத்துப் போயிருக்க வேண்டும்.

இந்த மருந்துக்கான மூலப்பொருள், ஷிக்கிமிக் அமிலம், நெடுங்காலம் எடுக்கப்பட்டது அன்னாசிப்பூவிலிருந்து. பிரியாணியில் போடுகிற அதே நட்சத்திர வடிவ மசாலா. அதற்காக அன்னாசிப்பூக் கஷாயம் இந்த நோயைத் தீர்க்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த அமிலம் பல வேதிமாற்றங்களைக் கடந்த பிறகுதான் மருந்தாகிறது.

தடுப்பூசியைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அது முழுக்கவசம் அல்ல. ஊசியில் உள்ள வகைகளும் ஊரில் பரவும் வகைகளும் ஒத்துப்போகிற ஆண்டுகளில், டாக்டரிடம் போகிற அளவுக்கு நோய் வருவதை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. கேட்கக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கே இந்த ஊசியைப் போட்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. வங்கதேசம் உட்படப் பல நாடுகளில் 2,500-க்கும் மேற்பட்டோர். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதம், வெற்று ஊசி போட்டவர்களில் 4.9 சதவீதம். டாக்காவில் 340 தாய்மாரிடம் நடந்த இன்னொரு சோதனையில், கர்ப்பத்தின்போது தாய்க்குப் போட்ட ஊசி, பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதத்தில் வரும் இன்ஃப்ளூயன்ஸாவை 63 சதவீதம் குறைத்தது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு நேரடியாக இந்த ஊசி போட முடியாது. தாயின் எதிர்ப்புப் பொருள்களே அதற்குக் கவசம்.

எப்போது போடுவது? இதில் தமிழ்நாட்டின் கணக்கு தனி. நான் முன்பு சொன்ன அந்தப் பத்து ஊர் ஆய்வில், டெல்லி, புனே, கொல்கத்தா, ஆலப்புழையில் ஜூலை முதல் செப்டம்பர் வரை இன்ஃப்ளூயன்ஸா உச்சம் தொட்டது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை, குளிரோடு. சென்னையிலும் வேலூரிலும் மட்டும் அக்டோபர், நவம்பர். ஸ்ரீநகரை விட்டுவிட்டால், மழை எங்கே எப்போது கொட்டுகிறதோ, அங்கே அப்போது. நமக்கு வடகிழக்குப் பருவமழை. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலும் வகுப்பறையிலும் பேருந்திலும் நெருக்கி அடைந்து கிடக்கும் ஐப்பசியும் கார்த்திகையும். ஊசி போட்டு எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். சில மாதங்களில் அது தேயத் தொடங்கும். ஆகவே ஆவணி கடைசி, புரட்டாசி என்பது என் கணிப்பு. மாசி, பங்குனியிலும் சில ஆண்டுகளில் ஓர் அலை வருவதுண்டு. 2023-இல் அப்படித்தான் வந்தது.

உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்குமாக ஆண்டுக்கு இருமுறை வகைகளைத் தேர்ந்தெடுத்துச் சொல்கிறது. நம் நாட்டில் இரண்டும் கிடைக்கும். பெட்டியின் மேலேயே எந்த அரைக்கோளம், எந்த ஆண்டு என்று அச்சிட்டிருக்கும். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பெரிய மனக்குறை.

போன புரட்டாசியில் பெரியம்மாவை அழைத்துப் போனேன். டாக்டர் ஃபிரிட்ஜிலிருந்து சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து, வெளிச்சத்தில் ஆண்டைப் பார்த்துவிட்டுப் பிரித்தார். பெரியம்மா முந்தானையை ஒதுக்கிக் கையைக் காட்டினார்.

"இது காய்ச்சலுக்கா, நெஞ்சுக்கா?"

"ரெண்டுக்கும்தாம்மா."

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே பெரியம்மா கேட்டார், "அடுத்த வருஷமும் வரணுமா?"

"வரணும்மா. இதே மாசம், மழைக்கு முன்னாடி."